பழைய அங்கியும் புதிய கச்சையும்

அக்டோபர் 4, ஹாரோ

வரும் மார்ச் மாதத்தில் எங்கள் பெல்லி டான்ஸ் வகுப்பார் ஒன்றுகூடி ஆடவிருக்கும் ஹஃப்லா என்ற ஆட்ட விருந்துக்கு எனக்கென்று ஓர் உடை வேண்டியிருக்கிறது. கெய்ரோவின் தையற்கூடங்களில் கைவேலையாகச் செய்யப்பட்டு லண்டனுக்கு வந்து சேரும் மணியாடைகளோ பல நூறு பவுன் விலை பெறுவன. ஆகையால் அறுபது பவுனுக்கு மேற்படாமல், சாரிட்டி கடைகளில் கிடைக்கும் பழைய ஆடைகளைக் கொண்டே அதனை என் கையால் தைத்துக்கொள்வதென்று இன்று தீர்மானம் செய்துகொண்டேன்.

மணி பதித்த மார்க்கச்சு, மணி தொங்கும் இடைக்கச்சை, சுழன்று விரியும் பாவாடை ஆகிய மூன்றும் சேர்ந்த இந்த உடை, பலர் எண்ணுவதுபோல் புராதன எகிப்தின் சீதனமன்று. கெய்ரோ நகரின் பழைய கவாஸி ஆட்டக்காரிகள் உடலை மறைத்த நீண்ட மேலங்கியும் அகன்ற கால்சட்டையும் அணிந்து, இடுப்பில் ஒரு சால்வையைக் கட்டிக்கொண்டு ஆடியவர்கள். 1926-இல் பதியா மசாப்னி அம்மையார் கெய்ரோவில் திறந்த அரங்கிலும், அவரிடம் பயின்ற தஹியா காரியோக்கா, சாமியா கமால் போன்றோர் நடித்த திரைப்படங்களிலுமே, மேனாட்டு மேடையின் சாயலும் ஹாலிவுட்டின் கற்பனையும் கலந்து, இன்று நாம் அறிந்த வடிவம் நிலைபெற்றது. முற்றத்தில் ஆடியவளை அருகிருந்து பார்த்தார்கள். அரங்கில் ஆடுகிறவளைக் கடைசி வரிசையிலிருப்பவனும் பார்க்க வேண்டும். அந்தத் தூரத்துக்காகவே மணிகள் வந்தன என்பது என் எண்ணம்.

அக்டோபர் 11

கிடைத்துவிட்டது! துணிகள் நெருக்கமாகத் தொங்கிய கம்பியின் கோடியில், தோளில் தடித்த பஞ்சுத் திண்டு வைத்து, கரும்பச்சைப் பட்டு ஷிஃபான் முழுவதும் வெள்ளிக் குழல்மணிகளும் சிறுமணிகளும் சமிக்கிகளும் அப்பிய, 1980-களின் பாணியில் அமைந்த ஒரு விருந்து அங்கி. கழுத்தருகே கிழிந்து, கைக்குழியில் வியர்வையால் பட்டு இற்றுப்போயிருந்தபடியால் பதினான்கு பவுனுக்கே கொடுத்துவிட்டார்கள். உள்ளே பார்த்தால், 'இந்தியாவில் செய்தது' என்ற சிறு பட்டை.

அதைக் கண்டதும் எனக்கு உண்டான உணர்ச்சியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அந்தக் காலத்தில் மேனாட்டுக் கடைகளை நிறைத்த இத்தகைய அங்கிகளில் பல நம் நாட்டு ஆரி வேலைக்காரர்களின் கையால் ஆனவையே. மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, அதன் முன் தரையில் அமர்ந்து, கொக்கி முனையுள்ள ஆரி ஊசியில் மணிகளைக் கோத்துக்கொண்டு, துணிக்கு அடியில் இடக்கை பிடித்திருக்கும் நூலை ஒவ்வொரு குத்துக்கும் மேலே இழுத்துச் சங்கிலிபோல் தைத்துக்கொண்டு போகும் அந்தத் தொழிலாளி, எந்த ஊரில் இருந்தவனோ, என்ன கூலி பெற்றவனோ, அவனுடைய பெயர் எந்தப் பட்டையிலும் இல்லை. ஒரு மாலை விருந்துக்கு அணிந்துவிட்டுக் கழித்த துணியென்று உலகம் இதனை மதிக்கலாம். அந்த உழைப்பை இன்னொரு முறை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருப்பதாகவே நான் கருதுகிறேன்.

அக்டோபர் 19

ஆரித் தையலின் சுபாவம் விசித்திரமானது. ஒரு வரிசையின் முடிவிலுள்ள முடிச்சைக் கண்டுபிடித்து அவிழ்த்து நூலை இழுத்தால், வரிசை முழுவதும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்து மணிகள் தட்டில் கொட்டிவிடும். மணிகளைச் சேகரிப்பதற்கு இது பெரிய வரம். பூவேலையைச் சிதையாமல் வெட்டியெடுப்பதற்கோ இதுவே பெரிய அபாயம். எனவே, அழகு குலையாமல் முழுதாக வேண்டிய தோட்பகுதியையும் மார்புப் பகுதியையும், வெட்டப்போகும் எல்லைக்கு உட்புறமாகக் கைத்தையலால் இருமுறை நெருங்கக் கட்டி, பின்புறம் துணிப்பசை தடவி ஒரு நாள் முழுதும் உலரவிட்ட பிறகே கத்தரியை வைத்தேன். கீழ்ப்பகுதியை மணிகளுக்காக உருவிக்கொண்டிருக்கிறேன்.

சாயம் நிலைக்குமா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுதல் அவசியம். சாராயத்தில் தோய்த்த பஞ்சால் சில மணிகளைத் துடைத்து, பஞ்சு வெள்ளையாகவே இருக்கக் கண்டு நிம்மதியடைந்தேன். மேற்பூச்சு மணியானால் ஆடுகிறவளின் வியர்வையிலேயே நிறம் கழன்று உடலில் ஒட்டிவிடும்.

நவம்பர் 2

சிக்கனமென்பது எதில் செய்யத்தக்கது, எதில் செய்யத்தகாதது என்ற கேள்விக்கு இந்த உடை ஒரு தெளிவான விடை வைத்திருக்கிறது: கண்ணுக்குத் தெரிவது பழையதாக இருக்கலாம், அதனைத் தாங்குவது பழையதாக இருக்கலாகாது. மார்க்கச்சை மட்டும் கடையில் புதிதாகவே வாங்கினேன். கிண்ணங்கள் அழுத்திப் பார்த்தால் மடங்காதபடி விறைப்பாயிருக்க வேண்டும். அவற்றைத் தவிர, தோள்வார், முதுகுப்பட்டை ஆகிய எலாஸ்டிக் பகுதிகள் யாவற்றையும் வெட்டியெறிந்துவிட்டு, நீளாத பருத்தி நாடாவையும் இரட்டைக் கித்தானையும் வைத்துத் தைத்தேன். மணியின் பாரம் ஏறியவுடன் எலாஸ்டிக் தளர்ந்து, கச்சு இறங்கி, ஆடுகிறவள் ஆட்டத்தை மறந்து அதைப் பற்றியே கவலைப்படும்படி ஆகிவிடும். அத்தகைய கவலையோடு எந்தப் பெண்ணும் மேடையில் நிற்கலாகாது.

இடைக்கச்சைக்குத் திரைச்சீலைத் தையலில் உபயோகிக்கும் கெட்டியான பக்ரம், அதன் இருபுறமும் கித்தான். நேர்பட்டையாக வெட்டினால் இடுப்பின் வளைவில் மேல்விளிம்பு விலகி நிற்குமாகையால், முன்துண்டு பின்துண்டு இரண்டையும் வளைவாகவே வெட்டி, பின்துண்டில் சிறு டார்ட்டுகள் பிடித்து, எலும்பின் மேல் படிந்து உட்காரும்வரை காகிதத்திலேயே மாற்றி மாற்றி வரைந்து பார்த்தேன். பக்கவாட்டில் ஆண்களின் கால்சட்டைக்கு வைக்கும் பெரிய இரும்புக் கொக்கிகள். இவ்வளவும் பச்சைத் துணிக்கடியில் மறைந்துபோகும்; ஆயினும் நான் இந்த உடையில் மிகுந்த சிரத்தையோடு செய்த வேலை இதுதான்.

நவம்பர் 23

பாவாடை எளிதில் முடிந்தது. எட்டுப் பவுனுக்குக் கிடைத்த மயில்நீல ஷிஃபான் சேலை, அகலம் 44 அங்குலம், நீளம் ஐந்தரை மீட்டர். அகலம் முழுவதையும் ஆரமாகக் கொண்டு இரண்டு அரைவட்டங்கள் வெட்ட 176 அங்குலம் செலவாகிறது. நடுவில் 6 அங்குல ஆரத்தைக் கழித்தால் இடுப்புக்கு ஏறக்குறைய 38 அங்குலமும், நீளத்துக்கும் அதே 38 அங்குலமும் நிற்கின்றன. நம் சேலையின் அளவு முழுவட்டப் பாவாடைக்கு இப்படிப் பொருந்துவதில் எனக்கு ஏற்பட்ட ஆனந்தம் சொல்லி முடியாது. மிஞ்சிய துணி கிண்ணங்களை மூடப் போதும். குறுக்கு வாட்டத்தில் துணி தொய்யுமாதலால், ஒரு வாரம் தொங்கவிட்ட பின்பே அடிவிளிம்பு மடித்தேன்.

ஜனவரி 8

குளிர்கால மாலைகள் முழுவதும் தொங்கல்களுக்கே. 11-ஆம் எண் சிறுமணி ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 18 நிற்கும். ஆறு அங்குலத் தொங்கல் ஒன்றுக்கு 108. எடை ஒரு கிராமுக்குச் சற்று முன்பின். நாற்பது அங்குல இடைக்கச்சையில் கால் அங்குலத்துக்கு ஒன்றாக 160 தொங்கல் வைத்தால் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட மணிகள் வேண்டும்! பழைய அங்கியின் குழல்மணிகள் இங்கே கைகொடுக்கின்றன. கால் அங்குலக் குழல் ஒன்று நான்கைந்து சிறுமணிகளின் இடத்தை நிரப்பிவிடுகிறது. ஆனால் வெட்டிய கண்ணாடிக் குழலின் ஓரம் நூலை அறுத்துவிடுமாகையால், ஒவ்வொரு குழலின் இருமுனையிலும் ஒரு சிறுமணியைக் காவல் வைத்தே கோக்கிறேன்.

தேன்மெழுகு பூசிய நைலான் நூல். கடைசி மணியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின் வழியே ஊசி திரும்பி மேலேறுகிறது. மேலே கித்தானில் ஒவ்வொரு தொங்கலுக்கும் தனி முடிச்சு. ஒரே நூலில் பலவற்றைக் கோத்துக்கொண்டு போனால் வேகமாக முடியும். ஆனால் ஒன்று அறுந்தால் அதன் கூட்டமெல்லாம் தரையில் கொட்டும், வெறுங்காலோடு ஆடும் தோழிகளின் பாதங்களுக்கு அடியில்.

பிப்ரவரி 15

செலவுக் கணக்கு: அங்கி 14, சேலை 8, கச்சு 10, பக்ரமும் கித்தானும் 7, கொக்கி, நாடா, நூல், ஊசி, மெழுகு, பசை 9, வலைத்துணி 4, போதாமல் வாங்கிய சிறுமணி 6, ஆக 58 பவுன்.

வலைத்துணி வயிற்றுப் பகுதிக்கு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எகிப்திய மேடையில் வயிறு வெளித்தெரியலாகாதென்ற விதி வந்தபின், அந்நாட்டு ஆட்டக்காரிகள் மெல்லிய வலையை இடையில் வைத்துத் தைத்து அணிந்தார்கள். எனக்கு அது பார்வைக்கும் கௌரவமாகவே படுகிறது. நம்மவர் சிலர் இந்த ஆட்டத்தின் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிக்கிறார்கள். மார்பும் இடுப்பும் வயிறும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே தாளத்துக்குப் பதில் சொல்லும்படி தசைகளைப் பழக்குவதற்கு எத்தனை வருஷ சாதகம் வேண்டியிருக்கிறது என்பதை அறிந்தால், அவர்களும் மரியாதையோடு உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

மார்ச் 22

நேற்று ஹஃப்லா. எகிப்திய முழவான தபலாவின் சொற்கட்டு வேகமெடுத்து இடுப்பு நடுங்கத் தொடங்கியபோது, 160 தொங்கல்களும் ஒரு கணம் பின்தங்கி, பிறகு ஒன்றாகச் சேர்ந்து, நான் நின்ற பின்னும் ஓர் அரைத் துடிப்பு நீடித்து அசைந்ததை இடுப்பிலேயே உணர்ந்தேன். பரதத்தில் சலங்கை காதுக்குச் செய்கிற உபகாரத்தை இங்கே மணித்தொங்கல் கண்ணுக்குச் செய்கிறது. இடைக்கச்சை ஒரு நூலளவும் நகரவில்லை. பாவாடையோடு அதைச் சேர்த்து நான்கு இடங்களில் ஊக்குக் குத்தியிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டியம்மாள் ஆட்டம் முடிந்ததும் என்னை அழைத்து, தோளிலிருந்த பூவேலையை விரலால் தடவிப் பார்த்து, யார் தைத்தது என்று கேட்டார். தொங்கல் என்னுடையது, பூவேலை இந்தியாவில் ஒருவர் செய்தது என்றேன்.

இன்று காலை, நீர் கலந்த வோட்காவை உடையின் உட்புறத்தில் தெளித்து வியர்வை வாடையைப் போக்கி, மேசையில் பரப்பி உலர்த்தியிருக்கிறேன். மாட்டித் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே தையல் இழுபடும். இருக்கையில் அமர்ந்ததால் பின்புறத்தில் இரண்டொரு தொங்கல் அறுந்திருக்கிறது. தனி முடிச்சானதால் பக்கத்திலுள்ளவை அப்படியே இருக்கின்றன. மிச்சமுள்ள மணிகளையும் அங்கியின் முதுகுப்பகுதியையும் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டிருக்கிறாள். அவற்றைக் கொடுக்குமுன் கித்தானும் நாடாவும் இரும்புக் கொக்கியும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை அவளுடைய இடைக்கச்சைக்குக் காகிதம் வெட்டப்போகிறோம்.