மல்பெரிப் பட்டை

ஓசூர் சிப்காட்டில் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் அண்ணன் கற்றுக்கொடுத்தது, காகிதத்தைக் கிழித்துப் பார்ப்பது. கிராஃப்ட் பேப்பர் ரீல் வந்து இறங்கியதும் ஓரத்தில் ஒரு துண்டைக் கிழிப்பார். விளிம்பில் மயிர் மயிராக நார் நீட்டிக்கொண்டிருந்தால் நல்ல சரக்கு. மொட்டையாகக் கிழிந்து தூள் உதிர்ந்தால், பலமுறை கூழாகித் திரும்பிய பழைய பேப்பர். "லேபிள்ல ஜிஎஸ்எம் என்ன போட்டிருந்தாலும் நீ கிழிச்சுப் பாருப்பா" என்பார்.

கிழிக்கும்போதெல்லாம் எனக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து எங்கள் தோட்டம்தான் ஞாபகம் வரும். பட்டுப்புழு பெருத்துவிட்டால் இலை கிள்ளிப் போட நேரமிருக்காது. மல்பெரியைக் குச்சியோடு வெட்டிப் போடுவோம். விடிவதற்குள் இலையெல்லாம் போய் வெறுங்குச்சிதான் மிஞ்சும். அதை நகத்தால் கீறி இழுத்தால் பட்டை முழ நீளத்துக்கு உரிந்து வரும், விரலில் பால் பிசுபிசுக்கும். மேல்தோலைச் சுரண்டினால் உள்ளே வெளுத்த நார். அம்மா அதை வைத்தே இலைக்கட்டைக் கட்டுவாள். கையால் அறுக்க முடியாது, பல்லால் கடிக்க வேண்டும். குச்சி அடுப்புக்குப் போய்விடும்.

சீனத்தில் 105ஆம் ஆண்டு சாய் லுன் காகிதம் செய்யும் முறையை ஹான் அரசருக்குத் தெரிவித்தபோது, மூலப்பொருள்களில் மரப்பட்டையும் கந்தலும் பழைய மீன்வலையும் இருந்தன. ஜப்பானிலும் கொரியாவிலும் காகிதத்துக்கு வளர்க்கும் காகித மல்பெரி, நம் செடியின் குடும்பம்தான். சீனத்தின் மேற்குக் கோடியில் ஹோத்தான் என்ற ஊரில் உய்குர் மக்கள் நம்முடையதைப் போன்ற மல்பெரியின் பட்டையையே ஊறவைத்து, வேகவைத்து, கட்டையால் அடித்துக் கூழாக்கி, துணி கட்டிய சட்டத்தில் ஊற்றி வெயிலில் காயவைக்கிறார்கள். அதுவும் பட்டுக்குப் பேர்போன ஊர். இலை புழுவுக்கு, பட்டை காகிதத்துக்கு. இதைப் படித்தபோது எங்கள் அடுப்பில் எரிந்த குச்சிகள் அத்தனையும் கண்முன் வந்தன.

வடக்கே காஷ்மீரில் 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் காகிதத் தொழிலை வளர்த்தார். தௌலதாபாத் பக்கத்தில் காகஸிபுரா என்று ஊரே அந்தத் தொழிலின் பெயரில் இருக்கிறது. எங்கள் கன்னட எல்லையோரம் கணக்கு எழுதியது வேறு தினுசு. நீளமான பருத்தித் துணியில் மாவுப் பசையும் கரிப்பொடியும் குழைத்து இருபுறமும் பூசி, காயவைத்து, விசிறி மடிப்பாக மடித்துக்கொள்வார்கள். கன்னடத்தில் கடதம். எழுதுவது மாக்கல் குச்சியால், நாங்கள் சிலேட்டில் கிறுக்கிய அதே பலப்பம். தப்பானால் அழித்துவிட்டு எழுதலாம். மார்க் வில்க்ஸ் 1810இல் வெளியிட்ட மைசூர் வரலாற்றில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சிருங்கேரி மடத்தில் கடதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

1792இல் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் ரயத்து ரயத்தாக நிலத்தை அளந்து காகிதத்தில் ஏற்றினார்கள். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓசூர் 1799 வரை திப்புவின் கீழ். அந்த ஏழு வருடம் இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் எதில் கணக்கு எழுதியிருப்பார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன். கடதமாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1934 முதல் வார்தாவில் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியபோது கைக்காகிதத்தையும் சேர்த்துக்கொண்டார். ஊரில் வீணாகும் நாரை ஊரிலேயே காகிதமாக்கும் அந்த வழி எனக்கு இன்றைக்கும் நியாயமாகவே படுகிறது. எங்கள் கம்பெனியில் வெட்டி விழும் துண்டுகள் பேல் கட்டி லாரியில் மில்லுக்குப் போய், கூழாகி, ரீலாக வரும். ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகும். எங்கிருந்தாவது புது நார் சேர்த்தாக வேண்டும். கரூர் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் காகித ஆலை 1984இல் கரும்புச் சக்கையை நம்பித்தான் உற்பத்தி தொடங்கியது. சக்கைக்குக் கிடைத்த மதிப்பு எங்கள் குச்சிக்கும் கிடைக்கட்டும்.

ஓசூர் தளி ரோட்டில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி ரகங்களைக் காக்கிறார்கள். எந்த ரகத்தின் பட்டையில் நார் நீளம் என்று அங்கே போய்க் கேட்க வேண்டும். அதற்கு முன்னால், இந்தப் புழு ஈடு முடிந்ததும் குச்சியை எரிக்காமல் வைக்கச் சொல்லித் தம்பிக்குப் போன் செய்திருக்கிறேன். பட்டையை வேகவைக்கச் சாம்பல் தண்ணீர், இடிக்க அம்மாவின் உரல் உலக்கை, சட்டத்தில் கட்டப் பழைய கொசுவலை எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன.