திருநெல்வேலியிலை ஒரு வாடகை வீடு

யாழ்ப்பாணக் கம்பசுக்குக் கிட்ட வீடு தேடினவைக்குத் தெரியும், இராமநாதன் வீதிப் பக்கம் முதல் வாற கேள்வி வாடகையைப் பற்றி இல்லை. "தம்பி எந்த ஊர்?" சொன்னால் அடுத்தது, "ஊரிலை எந்தப் பக்கம்?" அது எதுக்கெண்டு கேக்கிறவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகுதான், "மச்சம் சமைப்பியளோ?"

1974இலை பரமேஸ்வராக் கல்லூரி வளவிலை வளாகம் தொடங்கி, 1979இலை அது தனிப் பல்கலைக்கழகமாச்சு. திருநெல்வேலி, கலட்டி, கொக்குவில் எல்லாம் பொடியளுக்கு அறை குடுத்துப் பழகின இடங்கள்தான். ஆனாலும் பொடியள் எண்டால் முகம் சுருங்கும்.

வீடு இல்லாமலும் இல்லை. கனடாவிலையும் லண்டனிலையும் இருக்கிறவையின்ரை மாடிவீடுகள் பூட்டினபடி கிடக்கு. திறப்பு ஒரு சித்தியிட்டை. சித்தி ரொறன்ரோவுக்கு வட்ஸ்அப்பிலை சொல்லி, அங்கை விடிஞ்சு, அண்ணன் தம்பி தங்களுக்குள்ளை கதைச்சு மறுமொழி வாறதுக்குள்ளை அலுத்துப்போகும். வந்தாலும் ஒரு நிபந்தனை: நல்லூர்த் திருவிழாவுக்கு அவை வருவினம், அப்ப விட்டுக்குடுக்க வேணும். 25 நாள் திருவிழா. சாமான் சட்டியோடை நாங்கள் எங்கை போறது?

நேற்றுப் பார்த்தது தகரப் படலை வைச்ச வீடு. பின்னுக்கு நல்ல கிணறு, கப்பி புதுசு. அறையிலை கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். அதுக்கு ஆறு மாச வாடகை முற்பணம்! "பொம்பிளைப் பிள்ளையள் எண்டால் யோசிக்காமல் தருவன்" எண்டா வீட்டுக்கார அம்மா.

கோண்டாவில் பக்கம் ஆருக்காவது அறை தெரிஞ்சால் உள்பெட்டியிலை சொல்லுங்கோ. சைக்கிள் விட இடம் வேணும்.