ஹைதராபாத்துக்கு மாறிய ஞாயிறு

பிப்ரவரி 26, 2024, திங்கள்

எங்கள் வங்கியின் டிஆர் (பேரிடர் மீட்பு) திட்டக் கோப்பை எல்லாரும் சேர்ந்து வரி வரியாக வாசித்தோம். சோதனைகளில் இதுதான் செலவில்லாதது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் பட்டியலில் மூன்றாவது ஆள் போன வருஷமே ஓய்வு பெற்றுவிட்டார்.

பிப்ரவரி 28, புதன்

இன்று கற்பனைப் பேரிடர்: 2015 டிசம்பர் மாதிரி மழை, சென்னை டேட்டா சென்டருக்குள் தண்ணீர், ஜெனரேட்டருக்கு டீசல் வரவில்லை. மேலாளர் நிமிஷத்துக்கு ஒரு புதுச் செய்தி சொல்லிக்கொண்டே போனார். "ஹைதராபாத் மாற்று மையத்துக்கு மாறச் சொல்வது யார்?" என்று கேட்டதும் அறை அமைதியாகிவிட்டது. திட்டத்தில் 'நிர்வாகம்' என்றுதான் இருக்கிறது. எனக்கு நினைவுக்கு வந்தது இது: 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40-க்கு நின்ற தேசியப் பங்குச் சந்தையில் வியாபாரம் மீண்டும் தொடங்கியது மாலை 3.45-க்கு. மாற்று மையம் இருந்தும் அவர்கள் அதற்கு மாறவில்லை. எங்களிடம் முடிவெடுக்கும் அதிகாரியின் பெயர், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் பெயர், இரண்டும் இன்றே கோப்பில் ஏறின.

மார்ச் 2, சனி

அதே பங்குச் சந்தை இன்று விடுமுறையிலும் திறந்தது. 9.15 முதல் 10 வரை வழக்கமான மையம், 11.30 முதல் 12.30 வரை மாற்று மையம். நிஜ ஆர்டர், நிஜப் பணம். சோதனை என்றால் இதுதான். மாற்று சர்வரை ஆன் செய்து, லாகின் திரையைப் படம் பிடித்து அறிக்கையில் ஒட்டுவதை நான் ட்ரில் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

நள்ளிரவு ஒரு மணிக்கு எங்கள் ட்ரில்லைத் தொடங்கினோம். திட்டத்தை எழுதிய சீனியரை வேண்டுமென்றே வெளியே உட்கார வைத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கோப்பைக் கொடுத்தோம். ஏழாவது படியில் 'வழக்கமான பாஸ்வேர்டு' என்று எழுதியிருந்தது. "எது சார் வழக்கமானது?" என்றாள். பாஸ்வேர்டு இருந்த சீல் வைத்த கவரைத் தேடி எடுக்கவே இருபது நிமிஷம்.

டேட்டாபேஸ் ஒழுங்காக மாறியது. ஏடிஎம்மில் பணம் வந்தது. ஓடிபி மட்டும் யாருக்கும் வரவில்லை. எஸ்எம்எஸ் நிறுவனம் எங்கள் சென்னை ஐபி முகவரிகளை மட்டுமே அனுமதித்திருக்கிறது. ஹைதராபாத் முகவரி அவர்கள் பட்டியலிலேயே இல்லை. எத்தனை முறை கோப்பை வாசித்தாலும் இது தெரிந்திருக்காது. அவர்கள் ஆளை எழுப்பிச் சேர்க்க வைத்தபோது விடியப்போகும் நேரமாகிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டியது, நான்கரை ஆனது. அறிக்கையில் நான்கரை என்றே எழுதச் சொன்னேன்.

மார்ச் 11, திங்கள்

கிளைகள் ஹைதராபாத்திலிருந்தே ஓடுகின்றன. காலை நெரிசலில் கோர் பேங்கிங் கொஞ்சம் மந்தம், ஆனால் நிற்கவில்லை. வாரம் முழுக்க இப்படியே இருக்க அனுமதி வாங்கியாயிற்று.

மார்ச் 17, ஞாயிறு

சென்னைக்குத் திரும்பினோம். போவதற்குப் பதினொரு பக்கம் எழுதிய திட்டத்தில் திரும்புவதற்கு அரைப் பக்கம்தான். வாரம் முழுக்க ஹைதராபாத்தில் சேர்ந்த கணக்கு ஒரு ரூபாய் விடாமல் சென்னைக்கு வந்ததா என்று கிளை கிளையாகச் சரிபார்த்தோம்; அந்தப் படிகளையும் எழுதிச் சேர்த்தாயிற்று. ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி முக்கிய அமைப்புகளுக்கு அரையாண்டுக்கு ஒரு ட்ரில்லாவது கட்டாயம். அடுத்ததன் தேதியை எங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்று மேலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.