பிள்ளைகளின் குரலுக்கு அடியில் ஒரு செல்லோ

யாராவது ஒரு பாட்டை என்னிடம் நீட்டினால் நான் முதலில் வரிகளைப் படிப்பதில்லை. ஆகத் தாழ்ந்த சுரம் எது, ஆக உயர்ந்த சுரம் எது என்று பார்ப்பேன். அடுத்து, அதில் செல்லோவுக்கு என்ன வேலை என்று பார்ப்பேன். வரிகளுக்கு அதன் பிறகுதான் வருவேன். தமிழ்ப்பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தி இப்படிச் சொன்னால் சிலருக்கு மனம் ஒப்பாது. பாட்டென்றாலே வரிதான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் தொண்டைக்கு எட்டாத பாட்டில் எவ்வளவு நல்ல வரி இருந்தாலும் அது அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராது.

இதில் இவ்வளவு பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பப்பள்ளியில் படித்தபோது என்னைப் பாடகர் குழுவில் சேர்த்தார்கள். போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வர வேண்டாம்" என்று சொல்லப்பட்டது. மேடையில் நின்று அப்படியே செய்தேன். பரிசு கிடைத்தது. வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தார்கள். பல ஆண்டுகள் வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட நான் வாய்விட்டுப் பாடியதில்லை. ஆசிரியராகிப் பாடகர் குழு என் கைக்கு வந்த அன்றே, இங்கே எந்தப் பிள்ளையும் வாயசைத்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்வதில் சிரமமில்லை. அதற்கேற்ற பாட்டைத் தேடுவதில்தான் என் நேரமெல்லாம் போகிறது.

எங்கள் பள்ளி ஜொகூர் பாருவுக்கு வெளியே, முன்பு ரப்பரும் பிறகு செம்பனையும் நின்ற நிலத்தில் எழுந்த ஒரு தாமானில் இருக்கிறது. குழுவில் மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை உள்ள பிள்ளைகள். ஐந்து கோட்டு இசைக்குறிப்பு பெரும்பாலோருக்கு நான்காம் ஆண்டில் ரெக்கார்டர் வாசிக்கும்போதுதான் அறிமுகமாகிறது. ஆனால் காது நல்ல காது. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குத் தயாராகிறவர்கள் பதிகங்களைப் பண்ணோடு மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். வாரச் சபைகூடலில் நெகாராகூவோடு ஜொகூர் மாநிலப் பண்ணையும் பாடுகிறார்கள். அந்த மெட்டை 1879-இல் அமைத்தவர் லூக்காஸ் என்ற ஆர்மீனியர். ஜொகூர் ராணுவத்தின் பேண்டு வாத்தியக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். ஆக, மெட்டுக்கு அடியில் இன்னொரு தாழ்ந்த ஒலி நடந்துபோவதை ஏழு வயதிலிருந்தே இவர்கள் கேட்டுவருகிறார்கள். இதோ இதுதான் என்று யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

காட்டிக்கொடுத்தது செல்லோ. எங்களிடம் ஆறாம் ஆண்டு முடித்துப்போன மாணவன் ஒருவன், இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த பிறகு தனியாக செல்லோ கற்கத் தொடங்கினான். "டீச்சர், நான் வந்து வாசிக்கட்டுமா?" என்று அவனேதான் கேட்டான். அவன் அப்பாவுக்குக் கடலுக்கு அப்பால் சிங்கப்பூரில் வேலை. ஞாயிறு விடுமுறை. ஜொகூரும் 2025 ஜனவரியில் வெள்ளி-சனியை விட்டு மறுபடி சனி-ஞாயிறு விடுமுறைக்கு வந்ததால், ஞாயிறு காலை ஒத்திகைக்கு அப்பாவே அவனையும் அந்தப் பெரிய பெட்டியையும் காரில் கொண்டுவந்து விடுகிறார்.

நான் செல்லோ வாசிப்பவள் இல்லை. தேவார வகுப்பும் ஆர்மோனியமும்தான் என் பாடசாலை. அதனால் அந்த வாத்தியத்தை எனக்குத் தெரிந்த வழியில்தான் புரிந்துகொண்டேன். அதற்கு நான்கு தந்திகள். தாழ்ந்ததிலிருந்து சி, ஜி, டி, ஏ. ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பஞ்சமம். டி தந்தியைச் சட்ஜமாக, அதாவது இரண்டு கட்டையாக வைத்தால் அடுத்த தந்தி பஞ்சமம். இரண்டையும் சேர்த்து வில்லால் இழுத்தால் தம்பூரா வந்துவிட்டது. விரலே வைக்க வேண்டாம். மேற்கத்திய முறையில் பார்த்தாலும் கணக்கு சரியாக வருகிறது. டி மேஜரில் ஒரு எளிய பாட்டுக்கு வேண்டிய மூன்று முக்கியக் கார்டுகளின் அடிச்சுரங்கள் டி, ஜி, ஏ. ஜி மேஜரில் ஜி, சி, டி. எல்லாமே விரல் வைக்காத தந்திகள். தொடக்கநிலை செல்லோக்காரன் தவறவே முடியாத சுரங்கள் இவை.

இனி பிள்ளைகள் பக்கம் வருவோம். பழக்கமில்லாத பிள்ளைக் குரல் சிரமமின்றி நடமாடும் இடம் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி: நடு சி-க்கு அடுத்த டி-யிலிருந்து அதற்கு மேலுள்ள டி வரை. இரண்டு கட்டையில் அது சட்ஜம் முதல் மேல் சட்ஜம் வரை. ஐந்து கட்டையில், அதாவது ஜி-யில், அதே இடம் கீழ்ப் பஞ்சமம் முதல் மேல் பஞ்சமம் வரை. சட்ஜத்தில் தொடங்கி மேல் சட்ஜத்தில் உச்சம் தொடும் மெட்டென்றால் டி. பஞ்சமத்தில் எடுத்துச் சட்ஜத்தைச் சுற்றி நடக்கும் மெட்டென்றால் ஜி. பிள்ளைக்கும் ஒத்துவரும், செல்லோவுக்கும் ஒத்துவரும் இரண்டே சுருதிகள். இந்த இரண்டில் எதிலும் அடங்காத பாட்டை நான் எடுத்து வைத்துவிடுகிறேன். எத்தனையோ அருமையான பாட்டுகள் அப்படி என் அலமாரியில் இருக்கின்றன.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். செல்லோ தாழ்ந்த டி-யில் தொடங்கினால், சில பிள்ளைகள் அதையே பிடிக்கப் பார்த்துக் குரலைத் தொண்டைக்குள் இறக்கிவிடுவார்கள். ஆகவே எடுப்புச் சுரத்தை ஏ தந்தியில் நான்காம் விரல் வைத்துப் பிள்ளைகளின் ஸ்தாயியிலேயே கொடுக்கச் சொல்வேன். அவர்கள் அதைப் பிடித்த பிறகு செல்லோ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிக்கொள்ளும்.

நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் எந்தப் பாட்டையும் ஒரே சுரத்தில், நடு சி-க்கும் கீழே முனகுவான். பக்கத்துப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு ஞாயிறு ஒத்திகை முடிந்து மற்றவர்கள் மைலோ குடிக்கப் போனபோது அவனைச் செல்லோவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அதன் மரத்தில் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். "உனக்கு எது வருதோ அதையே ஊ-ன்னு இழு." இழுத்தான். வாசிப்பவன் வில்லை நிறுத்தாமல், விரலை ஏ தந்தியில் மெல்ல நகர்த்தித் தேடி அந்தச் சுரத்திலேயே வந்து நின்றான். வீணைக்கு உள்ள மெட்டுகள் செல்லோவுக்குக் கிடையாது. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கேயே அதனால் போக முடியும். பையன் சட்டென்று பாடுவதை நிறுத்திவிட்டு மரத்தில் இருந்த தன் கையைப் பார்த்தான்.

"டீச்சர், அது நான் பாடுனதுதானே?"

"ஆமாம்பா, நீ பாடுனதுதான். இப்ப அண்ணன் மெதுவா மேல போவாரு. நீ விடாம கூடவே போ."

விரல் இழைந்து ஏறியது. பாதியில் விட்டான், மறுபடி பிடித்தான். டி வந்து சேர்ந்ததும் "உறுமி மாதிரி இழுக்குதுல்ல டீச்சர்" என்றான். தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறான் போலிருக்கிறது. திரும்பி வந்த பிள்ளைகளை அதே டி-யில் சேர்ந்து பாடச் சொன்னேன். அவன் குரல் தனியாகத் தெரியவில்லை. அன்று ஒரு சுரத்தில்தான் சேர்ந்தான். மற்றச் சுரங்கள் வர மாதங்கள் ஆயின. கீபோர்டில் இதைச் செய்திருக்க முடியாது. அதன் கட்டைகளுக்கு நடுவே நின்ற குரலுக்கு அங்கே இடமே இல்லை.

பாட்டுத் தேர்வில் என் முக்கியமான எண்ணத்துக்கு இப்போது வருகிறேன். சேர்ந்திசை என்றதும் பிள்ளைகளை முதல் குரல், இரண்டாம் குரல் என்று பிரித்துவிட வேண்டும் என்ற அவசரம் எங்கும் இருக்கிறது. இரண்டு குரல் இருந்தால்தான் போட்டியில் மதிப்பு என்றும் நினைக்கிறார்கள். தொடக்கநிலைக் குழுவில் அப்படிப் பிரித்தால், பலமான பிள்ளைகள் மெட்டைப் பாட, மற்றவர்கள் பாதி நேரம் எதைப் பாடுகிறோம் என்று தெரியாமல் நிற்பார்கள். செல்லோ இருந்தால் அந்த இரண்டாம் குரலை அதனிடம் கொடுத்துவிடலாம். பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே மெட்டைப் பாடட்டும். கேட்பவர் காதில் இரண்டு குரல் விழும். பாடுகிறவர்கள் காதிலும் விழும். நாளைக்குப் பிரிந்து பாட அவர்களைத் தயார் செய்வது அந்தக் கேள்விதான்.

அதனால் செல்லோ மெட்டையே கூட வாசிக்கும் பாட்டுகளை நான் எடுப்பதில்லை. மேலே ஏறி அலங்காரம் செய்து பிள்ளைகளின் ஸ்தாயிக்குள் நுழைகிறவையும் வேண்டாம். பிள்ளை நீண்ட சுரத்தில் நிற்கும்போது செல்லோ நடக்க வேண்டும். பிள்ளைகள் வேகமாக வார்த்தை சொல்லும்போது அது நிற்க வேண்டும். மோகனத்தில் ஒரு சிறிய மெட்டை எடுத்துச் சுற்றுப்பாட்டாக, ஒரு கூட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் மற்றொரு கூட்டம் அதையே தொடங்கும்படி செய்து பார்த்தேன். மத்யமமும் நிஷாதமும் இல்லாத ராகம் என்பதால் எந்தச் சுரம் எதன்மேல் விழுந்தாலும் உரசுவதில்லை. டி-யில் மோகனம் முழுவதும் செல்லோவில் கையை நகர்த்தாமல் வாசிக்க வருகிறது. 'ராசா சாயாங்' பாட்டுக்கு வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் மீட்டினாலே போதும். பாக்கெல்பெலின் கேனன் இசையில் செல்லோவுக்கு எட்டே சுரங்கள், 28 முறை திரும்பத் திரும்ப. அந்த எட்டின்மேல் பிள்ளைகளுக்கு எளிய மெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கலாம். வாசிப்பவனுக்கு அலுக்கும் என்று நினைத்தேன். சுற்றுக்குச் சுற்று வில்லின் அழுத்தத்தை மாற்றி மாற்றி அவன் வாசித்தான்.

தமிழில் இந்த வழியில் முன்னால் நடந்தவர் எம்.பி. சீனிவாசன். திரைப்பட இசையமைப்பாளர், சென்னையில் மெட்ராஸ் யூத் கொயர் குழுவைத் தொடங்கியவர். பாரதி பாடல்களைச் சேர்ந்திசையாக்கினார். பல மொழிகளில் பள்ளிப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் ஒன்றாகப் பாட வைத்தார். 1988-இல் லட்சத்தீவில் பிள்ளைகளைப் பாடப் பயிற்றச் சென்ற இடத்தில்தான் அவர் காலமானார். நம் ராகங்களுக்குள் கூட்டுக்குரல் எப்படி நிற்கும் என்று வாழ்நாள் முழுக்கத் தேடியவர். தமிழ்ப்பள்ளிக்குக் கொயர் எதற்கு என்று கேட்கிற பெற்றோரிடம் நான் அவரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மைனஸ் ஒன் போட்டுப் பாடினால் வேலை மிச்சம் என்பார்கள். அந்த ஒலிப்பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. பிள்ளைக்கு மூச்சு முட்டினாலும் அது போய்க்கொண்டே இருக்கும். செல்லோக்காரனுக்கு வில்லின் நீளம் ஓர் எல்லை, பிள்ளைக்கு மூச்சு ஓர் எல்லை. ஒரு வில் இழுப்புக்குள் முடியாத வரியைப் பெரும்பாலும் பிள்ளையாலும் ஒரே மூச்சில் பாட முடிவதில்லை. இப்போதெல்லாம் புதிய பாட்டை அவனிடம் கொடுத்து, நிதானமான வேகத்தில், வரிக்கு ஒரு வில் என்று இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். வில் தீர்ந்துபோகிற இடங்களில் பென்சிலால் மூச்சுக்குறி போடுவேன். அது சொல்லின் நடுவே விழுந்தால் அந்தப் பாட்டு வேண்டாம்.

அவனுக்கு வேறொரு ஆசை இருக்கிறது. பாக் 1724-இல் லைப்சிக் நகரில் அமைத்த 78-ஆம் காண்டாட்டாவில் இரண்டு மேல்குரல்களுக்கான பாட்டு ஒன்று உண்டு. அடியில் செல்லோ நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கைப்பேசியில் போட்டுக் காட்டி, "இத எப்ப டீச்சர்?" என்று கேட்கிறான். அது பி ஃபிளாட்டில் இருக்கிறது. அவனுடைய நான்கு தந்திகளில் ஒன்றுகூட அந்தச் சட்ஜமில்லை. மேல்குரலும் எங்கள் பிள்ளைகளின் எல்லையைத் தாண்டிப் போகிறது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செல்லோ பகுதியை மட்டும் மெதுவாகப் பழகச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பருவத்துக்கு மோகனச் சுற்றுப்பாட்டும் 'ராசா சாயாங்'கும்தான். முனகிக்கொண்டிருந்த பையன் இப்போது ஐந்தாம் ஆண்டு. சுற்றுப்பாட்டில் முதலில் தொடங்கும் கூட்டத்தில் அவனைப் போட்டிருக்கிறேன்.