பெட்டி

காக்களூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா பாட்டுச் சொல்லித் தருகிறாள். தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகளின் இரைச்சலுக்கு எதிராக அவளிடம் இருந்தது ஒரு ஸ்ருதிப் பெட்டி. மூன்று குமிழ்கள். ஸ்ருதியைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. சென்ற வருஷம் அது ஊமையாகிவிட்டது. அவளுடைய செல்போனில் ஒரு தம்புராச் செயலியை ஏற்றிக் கொடுத்தேன். விரல் பட்டால் கட்டை மாறுகிறது. பஞ்சமம் வேண்டாமென்றால் மத்யமம். நாதமும் பெட்டியைவிட மேல். நாலாம் நாள் ஒரு பெண் வர்ணத்தில் மேல் ஷட்ஜத்தைப் பிடித்த நேரம், கடன் வேண்டுமா என்று யாரோ கூப்பிட்டார்கள். ஸ்ருதி நின்றது. பெண் அந்தரத்தில் நின்றாள். கடன் கொடுப்பது என் பிழைப்பும்தான் என்பதால் நான் சிரிக்கவில்லை. "பெட்டியையே ரிப்பேர் பண்ணிக் கொடுடா" என்றாள் அம்மா.

குழல் வாசிக்கும் எஞ்சினீயரான ஜி. ராஜ் நாராயண் தம் எலக்ட்ரானிக் தம்புராவைச் சென்னை ம்யூஸிக் அகாடமி மாநாட்டில் காட்டியது 1979-ல். பிற்காலப் பெட்டிகளில் அசல் தம்புராவின் பதிவே ஒரு சில்லுக்குள் அடங்கிவிட்டது. எங்கள் பெட்டியைத் திறந்த ரிப்பேர்க்காரர் காட்டியதும் அப்படியொரு சில்லைத்தான். செத்துப் போயிருந்தது. ஆக, பெட்டிக்குள் இருந்ததும் ஸாஃப்ட்வேர்தான். கதவைச் சாத்திக்கொண்ட ஸாஃப்ட்வேர். கருவியா செயலியா என்ற சண்டை ஒலியைப் பற்றியது அல்ல, கதவைப் பற்றியது என்று அப்போதுதான் பட்டது.

பம்பாய் ஸினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் ஸிங் 1982-ல் மூன்று ரோலண்ட் கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை இசைத்தட்டாக்கினார். அவற்றில் ஒன்றான டிபி-303, பேஸ் கிதாருக்குப் பதிலாள் என்று செய்யப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். ஸ்வரம் விட்டு ஸ்வரம் வழுக்கும். 1984-ல் கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டது. தட்டும் விற்கவில்லை, 2010-ல் மறுபடி வெளியான பிறகே உலகம் காது கொடுத்தது. இன்று ஸாஃப்ட்வேர் அந்தக் கருவியின் ஒலியைத் தருகிறது, கூடவே ஆயிரம் ஒலிகளையும். ஸிங்குக்கு அந்த ஆயிரம் இல்லை. இருந்ததைக் குடைந்தார்.

பத்து வருஷமாகப் புதுக்கவிதைக்கு வக்காலத்து வாங்கி எழுதும் நான், இந்த விஷயத்தில் பெட்டியின் பக்கம் சாய்வது எனக்கே சங்கடம். யாப்பும் பெட்டிதானே? கவிஞனுக்காக வேறு யாரோ முன்கூட்டியே வேண்டாமென்று சொல்லி வைத்தவை அதில் நிறைய. அதைக் கழற்றியவன் ஒவ்வொரு வரியிலும் தானே வேண்டாமென்று சொல்லியாக வேண்டும். நம்மில் பலர் கழற்றியதோடு சரி. நான் எழுதி அச்சான கவிதைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெட்டி பிழைக்கவில்லை. என் பழைய செல்போனிலிருந்து ஸிம்மை எடுத்துவிட்டு, செயலி ஒன்றை மட்டும் வைத்து, மற்றதையெல்லாம் அழித்துக் கொடுத்தேன். ஐந்தரைக் கட்டையில் நிறுத்தி ஸ்டூல் மேல் வைத்திருக்கிறாள். இப்போது யாரும் கூப்பிட முடியாது.

அதை அவள் பெட்டி என்றுதான் சொல்கிறாள்.