அக்கரைச் சம்பளம், இக்கரைச் செலவு

சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும்; அது 1924-இல் திறக்கப்பட்டது. 1963 முதல் 1965 வரை இரண்டு கரையும் ஒரே நாட்டில் இருந்தன. 1973 வரை அந்தப் பக்கத்து வெள்ளியும் (டாலரும்) இந்தப் பக்கத்து வெள்ளியும் சரிக்குச் சரி செல்லுபடியாயின. இன்றோ ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கிறது. தலைக்கு வருமானத்தில் சிங்கப்பூர் ஆறு மடங்குக்கும் மேலே நிற்கிறது. மழை, வெயில், சாப்பாடு என எல்லாம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, ஆட்சியும் கொள்கையும் மட்டும் வேறாகிப்போன இடம் இது. எந்த நாட்டில் வாழ்க்கைத்தரம் உயர்வு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சோதனைக்களம் கிடைப்பது அரிது.

பலர் போடும் கணக்கு சுலபமானது: சிங்கப்பூர்ச் சம்பளத்தை மூன்றால் பெருக்குவது. அந்தக் கணக்கு ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தும். அக்கரையான சிங்கப்பூரில் சம்பாதித்து இக்கரையான மலேசியாவில் செலவழிப்பவருக்கு. அப்படிப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது உண்மை. பொழுது விடியுமுன்பே ஜோகூர் சோதனைச் சாவடியில் மோட்டார் சைக்கிள்கள் ஹேண்டில்பார் உரச நெருக்கியடித்து நிற்கும். முதுகில் பை, மடித்துச் செருகிய மழைக்கோட்டு, கையில் கடவுச்சீட்டு. வேலை முடிந்து மாலையில் அதே வரிசை, எதிர்த்திசையில். வீட்டுத் தவணை கட்டிவிடலாம்; பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருக்க முடியாது. இது சிங்கப்பூரின் வாழ்க்கைத்தரமும் அல்ல, மலேசியாவின் வாழ்க்கைத்தரமும் அல்ல. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில் ஈட்டும் வருமானம். அதற்கான விலை தூக்கத்தில் கழிகிறது.

ஆகவே ஒரே நாட்டில் சம்பாதித்து அங்கேயே செலவழிப்பவரை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் கார் வாங்க முதலில் வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். அதன் விலை சில ஆண்டுகளாக ஒரு லட்சம் வெள்ளியைத் தொட்டும் தாண்டியும் நிற்கிறது. அதுவும் பத்தாண்டுக்குத்தான் செல்லும். மலேசியாவில் பெட்ரோலுக்கு அரசு மானியம் உண்டு. சாதாரணக் குமாஸ்தா வீட்டு வாசலிலும் ஓர் உள்நாட்டுக் கார் நிற்கும். இதோடு நிறுத்தினால் மலேசியாவுக்கே வெற்றி. ஆனால் மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். சிங்கப்பூரில் அந்த எண்ணிக்கை 150-ஐ எட்டுவதில்லை. மக்கள்தொகை வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் இது ஏழெட்டு மடங்கு. மலிவான பெட்ரோலும் இந்தச் சாவுகளும் தொடர்பில்லாத இரண்டு செய்திகள் அல்ல. பேருந்தும் ரயிலும் எட்டாத ஊரில் வண்டி வைத்திருப்பதே ஒரே வழியாகிறது. கார் வாங்குவதை எட்டாக்கனியாக்கிய சிங்கப்பூர் அரசு, மறுபுறம் எம்ஆர்டி ரயிலை ஓடவிட வேண்டியிருந்தது. சலுகையும் அதற்கான விலையும் ஒரே கொள்கையில் பிறக்கின்றன. ஒன்றை மட்டும் பொறுக்கியெடுத்துப் பட்டியலில் எழுதினால் கணக்கு பொய்யாகும்.

வீட்டு விஷயமும் இப்படித்தான். சிங்கப்பூரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடியில் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது சொந்த வீடு. மத்திய சேமநிதியிலிருந்தே தவணை கட்டலாம். ஆனால் அது 99 ஆண்டுக் குத்தகை. வாசலில் ஒரு முருங்கை வைக்க மண் கிடையாது. ஜோகூரின் தாமான் எனப்படும் குடியிருப்புகளில் கார் நிறுத்த இடம் விட்ட வரிசை வீடு, பின்கட்டில் கறிவேப்பிலை என்று வாழலாம். அரசு மருத்துவமனை வெளிநோயாளிக் கட்டணம் குடிமக்களுக்கு ஒரே ஒரு ரிங்கிட். இதை லேசாக எண்ணக் கூடாது. என்றாலும் சராசரி ஆயுள் சிங்கப்பூரில் ஏறத்தாழ 83, மலேசியாவில் 75. பதினைந்து வயது மாணவர்களுக்கான 2022 பீசா தேர்வில் கணித மதிப்பெண் சிங்கப்பூருக்கு 575, மலேசியாவுக்கு 409. எட்டு ஆண்டு ஆயுளுக்குக் கறிவேப்பிலைச் செடி ஈடாகாது.

விலைவாசி வித்தியாசத்தைச் சரிசெய்து வாங்கும் சக்தியை அளக்கும் முறை இருக்கிறதே என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்கலாம். அந்த முறையிலும் சிங்கப்பூர்தான் வெகுதூரம் முன்னால். ஆனால் அதற்கு அடிப்படையான மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் பன்னாட்டு நிறுவனங்களின் லாபமும் அடக்கம். அது முழுவதும் குடிமகன் கைக்கு வருவதில்லை. கடையில் விற்காத ஓய்வையும் இடத்தையும் அந்த அளவுகோல் அளப்பதும் இல்லை. சிங்கப்பூரில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 2023-இல் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. அந்தச் செய்தி எந்த வருமான அட்டவணையிலும் தெரியாது. ஜனங்கள் எந்தப் பக்கம் போகிறார்களோ அந்தப் பக்கம்தானே உயர்வு என்பது இன்னொரு வாதம். வாரநாள் காலையில் கூட்டம் தெற்கே போகிறது. சனி ஞாயிறுகளில் சிங்கப்பூர்க்காரர்கள் மளிகை வாங்கவும் பல் பார்க்கவும் குடும்பத்தோடு வடக்கே போகிறார்கள். கால்கள் இரண்டு பக்கமும் ஓட்டுப் போடுகின்றன.

இந்தச் சராசரிகளுக்குள் வராதவர்கள் ஒரு கூட்டம் உண்டு. சிங்கப்பூரின் குடும்ப வருமானக் கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் வைத்தே போடப்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து கட்டடம் எழுப்புகிறவர் அதில் இல்லை. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள முடியாது. 2020-இல் அங்கே பதிவான கொரோனா தொற்றுகளில் மிகப் பெரும்பகுதி, ஓர் அறையில் பத்துப் பேருக்கு மேல் படுத்த தொழிலாளர் விடுதிகளில்தான் நேர்ந்தது. காரின் பின்னிருக்கையிலும் வார்ப்பட்டையைக் கட்டாயமாக்கிய ஊரில் இவர்கள் லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். மலேசியத் தோட்டங்களிலும் வெளிநாட்டுத் தொழிலாளி நிலை மேலாக இல்லை.

குடிமகனாகப் பிறந்தவருக்கு எது மேல் என்று கேட்டால், சிங்கப்பூர் என்றே சொல்ல வேண்டும். ஆயுளும் படிப்பும் பாதுகாப்பும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் வெளியிலிருந்து போகிறவருக்கு அந்தத் தீர்ப்பு தானாகப் பொருந்தாது. வாழ்க்கைத்தரம் நாட்டோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை; அந்த நாடு நம்மை எந்த வரிசையில் நிறுத்துகிறது என்பதோடு வருகிறது. ஏஜெண்டிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்குமுன், எந்த அனுமதிச் சீட்டு, எங்கே தங்க வேண்டும், குடும்பத்தை அழைக்கலாமா என்று கேளுங்கள். மூன்றால் பெருக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.