வளரும் பாதம்

ஜூன் மாதத்தின் முதல் வாரம் தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் கறுப்புக் காலணிகளின் வாரம். பள்ளி திறக்கும் நாள் நெருங்கியதும் சீருடை, புத்தகப்பை, குடிநீர்ப் புட்டி ஆகியவற்றோடு காலணியும் வாங்கியாக வேண்டும். கடையின் சிறிய இருக்கையில் குழந்தை அமர்ந்திருக்கும். எதிரே பெட்டிகள் திறந்து கிடக்கும். “எந்த வகுப்பு?” என்று கேட்டே அளவைக் கணித்துவிடும் விற்பனையாளரும் உண்டு. ஒரு சோடி காலில் ஏறியதும், “வளருகிற பிள்ளை, ஓர் அளவு பெரிதாகவே கொடுங்கள்” என்பார் தந்தை. “சரியாக இருக்கிறதா கண்ணு?” என்று கேட்பார் தாய். குழந்தை தலையாட்டும். ஓராண்டு முழுவதற்குமான முடிவு அந்த ஒரு தலையசைப்பில் உறுதியாகிவிடும்.

தந்தையின் சொல்லில் பிழையான எண்ணம் ஏதுமில்லை. அடுத்த ஜூன் வரை இன்னொரு சோடி வாங்க இயலாத இல்லங்கள் பல. ஓராண்டில் கால் வளரும் என்று அவர் நினைப்பதும் உண்மையே. ஆனால் எவ்வளவு வளரும், அதற்கு எவ்வளவு இடம் வேண்டும், இப்போது எவ்வளவு இடம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை அந்தக் கடையில் எவரும் கேட்பதில்லை. கேட்கப்படாத அக்கேள்விகளின் விடையைக் குழந்தையின் பாதம் பத்து மாதம் சுமக்கிறது.

எலும்பாகாத பாதம்

வளர்ந்த மனிதரின் ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தையின் பாதமோ பெரும்பகுதி குருத்தெலும்பால் ஆனது. பின்பாதத்தில் ஏழு எலும்புகள் அமைய வேண்டிய இடத்தில், பிறக்கும்போது இரண்டோ மூன்றோ மட்டுமே எலும்பாக இறுகியிருக்கும். உள்ளங்கால் வளைவைத் தாங்கும் படகெலும்பு இறுகத் தொடங்குவதற்கே ஏறத்தாழ மூன்று வயது ஆகிறது. வளர்ச்சி முழுமை பெறுவது பதின்பருவத்தில்தான்.

பாதம் வளரும் வேகமும் வியப்புக்குரியது. பெண் குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு வயதிலும், ஆண் குழந்தைக்கு ஒன்றரை வயதிலும், பிற்காலத்தில் அமையப்போகும் பாதத்தின் பாதி நீளம் அமைந்துவிடுகிறது. உடலின் உயரம் அவ்வயதில் பாதியைக்கூட எட்டியிராது. பிறகு வேகம் சிறிது சிறிதாகக் குறையும். மூன்று முதல் ஆறு வயது வரை மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் பாதம் நீள்கிறது. கண்ணுக்குப் புலப்படாத இவ்வளர்ச்சி, இறுகிய தோலுக்குள் அடைபட்ட விரல்களுக்கு நன்கு தெரியும்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது பழமொழி. கல்விக்கும் ஒழுக்கத்திற்கும் சொல்லப்பட்ட இம்மொழி பாதத்திற்கு வேறொரு பொருளில் பொருந்துகிறது. ஐந்து வயதில் தவறான திசையில் வளைந்த பெருவிரல் ஐம்பதில் தானாக நிமிர்வதில்லை.

வலி சொல்லாத கால்

பெரியவரின் காலில் காலணி கடித்தால் அன்று மாலையே அது மூலைக்குப் போய்விடும். குழந்தையின் நிலை வேறு. மென்மையான குருத்தெலும்பும் கொழுப்புத் திசுவும் நிறைந்த பாதம், அழுத்தத்தை எதிர்ப்பதற்கு மாறாக அதற்கேற்ப வளைந்து கொடுக்கிறது. விரல்கள் சற்று மடங்கும். பெருவிரல் உட்புறமாகச் சாயும். வலி எழாமலே வடிவம் மாறும். மேலும், கடையில் அமர்ந்திருக்கும் குழந்தையின் மனம் காலில் இல்லை. நடக்கையில் மின்னும் விளக்கிலும் பளபளக்கும் வாரிலும் இருக்கிறது. ‘சரியாக இல்லை’ என்று சொன்னால் அந்த அழகிய சோடி கைநழுவிப் போய்விடும் என்பது குழந்தைக்குத் தெரியும். விலையைக் கேட்டுத் தந்தையின் முகம் மாறுவதைக் கண்ட குழந்தையோ, வேறொன்று வேண்டும் என்று கேட்கத் தயங்கி, இருப்பதே போதும் என்று தலையாட்டும்.

ஆஸ்திரியாவில் பள்ளி செல்லும் வயதை எட்டாத 858 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் தம் பாதத்திற்குப் போதாத நீளமுள்ள காலணிகளையே அணிந்திருந்தனர். காலணி எவ்வளவு குட்டையோ, அவ்வளவுக்குப் பெருவிரல் நேர்கோட்டிலிருந்து விலகும் வாய்ப்பும் மிகுந்திருந்தது. வசதியும் கடைகளும் நிறைந்த நாட்டிலும் நிலைமை இதுதான். எனவே குறை பணத்தில் மட்டும் இல்லை, கவனத்திலும் இருக்கிறது.

மூடிய காலணிக்குள் விரல்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட மனிதர் செய்த முயற்சி ஒன்று வரலாற்றில் உண்டு. 1920கள் முதல் 1950கள் வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் காலணிக் கடைகளில் ஊடுகதிர்ப் பெட்டிகள் நிறுவப்பட்டிருந்தன. குழந்தை அதன்மேல் ஏறி நின்றால் காலணிக்குள் இருக்கும் எலும்புகளின் நிழல் திரையில் தெரியும். தாயும் கடைக்காரரும் குழந்தையும் ஆளுக்கொரு துளையில் கண் வைத்து வேடிக்கை பார்த்தனர். கதிர்வீச்சின் தீங்கு தெளிவான பின்னர் அப்பெட்டிகள் மறையத் தொடங்கின. 1957இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் அவற்றைத் தடை செய்தது. பொருத்தம் அறிய வந்த கருவி, பொருத்தமின்மையைவிடப் பெரிய தீங்காய் முடிந்தது. ஒரு தாளும் பென்சிலும் பெருவிரலும் போதும் என்ற எளிய உண்மை அந்தப் பரபரப்பில் மறக்கப்பட்டிருந்தது.

எண்ணும் பாதமும்

காலணியின் அடியில் பொறித்த எண்ணைப் பலரும் பாதத்தின் அளவு என்றே நம்புகின்றனர். இந்தியக் கடைகளில் பெரிதும் வழங்கும் ஆங்கிலேய முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர். குழந்தைகளுக்கான எண் வரிசை 13ஐ எட்டியதும் மீண்டும் 1இலிருந்து தொடங்கும். ஐரோப்பிய முறையில் ஓர் எண்ணின் இடைவெளி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இரு முறைகளிலும் அந்த எண் காலணி செய்ய உதவும் அச்சுக்கட்டையின் நீளத்தையே சார்ந்தது. பாதத்தின் அகலத்தை அது சொல்வதில்லை. ஆகவே ஒரு நிறுவனத்தின் 12 மற்றொரு நிறுவனத்தின் 12ஆக இருக்க வேண்டியதில்லை.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன அறிஞர் ஹான் ஃபெய் ஒரு கதை சொல்லியுள்ளார். செங் நாட்டைச் சேர்ந்த ஒருவன் காலணி வாங்குவதற்காகத் தன் பாதத்தை வீட்டிலேயே அளந்து வைத்தான். சந்தைக்கு வந்த பிறகுதான் அளவை மறந்து வந்தது நினைவுக்கு வந்தது. அதை எடுத்துவர வீட்டுக்கு ஓடினான். திரும்புவதற்குள் சந்தை கலைந்துவிட்டது. காலிலேயே போட்டுப் பார்த்திருக்கலாமே என்று ஒருவர் கேட்க, அளவை நம்புவேன், காலை நம்பமாட்டேன் என்றானாம் அவன். பாதத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கேட்டு வாங்கும் எவரும் அவனுடைய உறவினரே.

இந்தியப் பாதத்திற்கென ஓர் அளவு வேண்டும் என்ற முயற்சி சென்னையிலிருந்து எழுந்திருப்பது தமிழ்நாட்டிற்குப் பெருமை. 1948இல் நிறுவப்பட்டு அடையாற்றில் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. இந்தியர் பாதம் ஐரோப்பியர் பாதத்தைவிட அகலமானது என்பது அந்த ஆய்வில் தெளிவாயிற்று. அதன் அடிப்படையில் ‘பா’ என்னும் புதிய அளவுமுறை முன்மொழியப்பட்டது. அதிலுள்ள எட்டுப் பிரிவுகளில் ஆறு, கைக்குழந்தை முதல் பதினான்கு வயதுவரை உள்ள வளரும் பிள்ளைகளுக்கானவை.

வெறுங்கால் சொல்லும் பாடம்

கர்நாடகத்தைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர்கள் ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய இருவரும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்து வளர்ந்தோரில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலுடன் வளர்ந்தோரில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. அதிலும் விரல்களை முழுதும் மூடிய காலணி அணிந்தோரிடமே அது மிகுதி. தட்டைப் பாதம் எல்லாம் நோய் அன்று. எனினும் மண்ணில் ஓடி, மணலைப் பற்றி, மரத்தில் ஏறிய பாதம் தன் தசைகளைத் தானே வலுப்படுத்திக்கொள்கிறது என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

இதனால் காலணியே வேண்டா என்று முடிவு கட்டிவிட இயலாது. முள்ளும் கண்ணாடிச் சில்லும் சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையும் இங்கு உண்டு. ஈரமண்ணிலிருந்து கொக்கிப்புழு உள்ளங்கால் வழியே உடலில் நுழைந்து இரத்தசோகையை உண்டாக்கும். பழந்தமிழர் காலணியைத் தொடுதோல் என்றனர். அணியும் தோல் என்பது அதன் பொருள். நல்ல காலணியும் மற்றொரு தோல் போலவே அமைய வேண்டும். காக்க வேண்டும், கட்டிப்போடக் கூடாது. விரல் மடங்கும் இடத்தில் எளிதாக வளையும் அடிப்பாகம், விரல்கள் விரிந்து அமரத்தக்க அகன்ற முன்பகுதி, குதிகாலை நழுவவிடாத பிடிப்பு, நாடாவோ வாரோ கொண்டு இறுக்கித் தளர்த்தும் வசதி ஆகியவை அதன் இலக்கணம். வீட்டிற்குள்ளும் புல்தரையிலும் வெறுங்காலுக்கு விடுதலை அளிப்பதும் அதில் அடங்கும்.

அளந்து அறிதல்

பகல் முழுதும் நடந்த பாதம் மாலையில் சிறிது விரிந்திருக்கும். ஆகவே மாலை நேரமே அளப்பதற்கு ஏற்றது. குழந்தையைத் தாளின்மேல் நிற்கவைத்து, பள்ளிக்கு அணியும் காலுறையுடன், இரு பாதங்களையும் வரைந்துகொள்ள வேண்டும். அமர்ந்த நிலையில் அளந்தால் பாதம் குறுகித் தோன்றும். இரு பாதங்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய பாதமே கணக்கு. சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். எது நீண்டதோ அதன் நுனியிலிருந்தே அளக்க வேண்டும். அதற்கும் காலணியின் உள்முனைக்கும் இடையே ஏறத்தாழ 12 மில்லிமீட்டர், அதாவது ஒரு பெருவிரல் அகலம், இடம் இருந்தால் போதுமானது. காலணியின் மேல் அழுத்திப் பார்த்து இதை அறிய முயன்றால் குழந்தை விரல்களை உள்ளிழுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டை வெளியே எடுத்து, அதன்மேல் குழந்தையை நிற்கச் செய்வதே நம்பத்தகுந்த வழி.

தந்தையின் கணக்கு இங்கேதான் தெளிவு பெறுகிறது. 12 மில்லிமீட்டர் இடத்திலேயே வரும் மாதங்களின் வளர்ச்சி அடங்கிவிடுகிறது. அதற்கும் மேல் ஓர் அளவு கூட்டினால் வெற்றிடம் இரண்டு சென்டிமீட்டர் ஆகிறது. குதிகால் நழுவும், நழுவாமல் பிடிக்க விரல்கள் நாள்தோறும் மடங்கும், ஓடும்போது கால் இடறும். முனையில் பஞ்சைத் திணித்தாலும் குறை தீராது. வளர்ச்சிக்கு இடம் விடுவது அறிவுடைமை. அதை அளந்து விடுவதே அக்கறை.

அண்ணனின் காலணி தம்பிக்கு வருவது சிக்கனம் அறிந்த இல்லங்களின் வழக்கம். சட்டைக்குப் பொருந்தும் அவ்வழக்கம் காலணிக்கு முழுமையாகப் பொருந்தாது. தேய்ந்த காலணியின் உட்புறத்தில் அண்ணனின் நடை பதிந்திருக்கும். அப்பள்ளத்தில்தான் தம்பியின் கால் நடக்க வேண்டியிருக்கும். அதிகம் தேயாததாக இருந்தால் மட்டும், அளந்து பார்த்து, பயன்படுத்தலாம்.

அரசுப் பள்ளிகளில் விலையில்லாக் காலணிகள் வழங்கப்படுவதால், வெறுங்காலுடன் வகுப்புக்கு வர நேர்ந்த பலரின் நிலை மாறியிருக்கிறது. பட்டியலில் எழுதப்படும் அளவு சரியாக அமைந்தால் அக்காலணி நாள்தோறும் அணியப்படும். தவறினால் வீட்டு மூலையில் கிடக்கும். ஆகவே அளவெடுக்கும் அந்தச் சில நொடிகளும் திட்டத்தின் ஓர் உறுப்பே.

விலை உயர்ந்த காலணியை எல்லாக் குடும்பங்களாலும் வாங்க இயலாது. தாளை விரித்து, பென்சிலை எடுத்து, தேதியைக் குறித்து, மூன்று மாதத்திற்கு ஒருமுறை தங்கையின் பாதத்தை வரைந்து வைக்க, பதினாறு வயது அண்ணனாலோ அக்காளாலோ இயலும். பழைய தாளின்மேல் புதிய தாளை வைத்துப் பார்த்தால், கடைக்குப் போகும் நாள் வந்துவிட்டதா என்பது தெரிந்துவிடும். குழந்தை வாய்திறந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.